மூன்று குழி தள்ளி

இரவு இரண்டு மணிக்குமேல்
கிடங்கில் தொட்டிகள் வெடிக்கின்றன என்று
காவலாள் ஜெனேசியு வந்து சொன்னான்.
யாரும் தொடவில்லையாம்.
அடுக்கியது அடுக்கியபடி இருக்க
'டிக்' என்று ஒரு சத்தம்,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று,
இருட்டில் யாரோ நெட்டி முறிப்பதுபோல.

ஜூலை. காஷியாஸில் குளிர்காலம்.
விடிந்ததும் பதினோரு தொட்டிகள் என் மேசைக்கு வந்தன.
பாத்திரம் கழுவும் எவர்சில்வர் தொட்டிகள்.
விளிம்பிலிருந்து மூலை வழியே
மயிரிழையாய் இறங்கும் பிளவு.
மேலாளர் தொலைபேசியில் சொன்னார்:
"தகட்டில் கோளாறு என்று எழுது, லோரெனி.
இல்லையென்றால் அழுத்தியவன் கைக்கோளாறு."

ஒன்றை நெடுக்காக அறுத்தேன்.
துண்டைப் பிசினில் பதித்து
முகம் தெரியும்வரை தேய்த்தேன்.
வைரமுனை ஒரு கிலோ பாரத்தோடு இறங்கி
பன்னிரண்டு விநாடி உட்கார்ந்துவிட்டு எழுந்தது.
அடித்தளத்தில் அகலக் குழி: நூற்று அறுபத்தைந்து.
சுவர் ஏறும் வளைவில் குழி சுருங்கிற்று: இருநூற்று எழுபது.
மூலையில்
ஊசி பட்டதுபோல் துளியூண்டு:
முந்நூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

ஒரே தகடு.
இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்த தகடு.
எங்கே அதிகம் வந்ததோ அங்கே மெலிந்தது,
மெலிந்த இடம்தான் இறுகியது.
உள்ளே நழுவி நழுவி இடம் கொடுத்தவை
ஒன்றின் காலில் ஒன்று சிக்கி
இனி முடியாது என்று நின்றுவிட்டன.
விளம்பரத்தில் இதை உறுதி என்று போடுகிறோம்.

என் பையில் ஒரு காந்தம் உண்டு,
குளிர்பதனப் பெட்டியிலிருந்து கழற்றியது,
திராட்சைக் குலை வடிவம்.
எவர்சில்வரில் ஒட்டாது; கடைக்காரர்கள்கூடச் செய்யும் சோதனை.
அடித்தளத்தில் வழுக்கி விழுந்தது.
மூலைக்குக் கொண்டுபோனேன்.
கப்பென்று பிடித்துக்கொண்டது.
பிய்த்தெடுக்க நகம் வேண்டியிருந்தது.

மதியம் அடெலார் வந்தான்.
அழுத்து எந்திரத்தில் பதினேழு வருடம்.
முதல் இழுப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
தகட்டை உலையில் சிவக்கவைத்து ஆற்றுவது வழக்கம்.
அப்போது சிக்கெல்லாம் அவிழும்,
மறுபடி இழுக்கலாம்.
மே மாதம் எரிவாயு விலை ஏறியதும் உலையை அணைத்தார்கள்.
ஒரே மூச்சில் இழு என்றார்கள். இழுத்தான்.
அவனுக்கு இரட்டை முறை வேலை வந்ததும்
அதே மாதம்தான்.

வைரமுனைக்கு ஒரு விதி இருக்கிறது.
அடுத்த குழியை முந்தியதன் பக்கத்தில் இடக்கூடாது.
குத்திய இடத்தைச் சுற்றித் தகடு இறுகியிருக்கும்,
எண் பொய் சொல்லும்.
குறைந்தது மூன்று குழி தள்ளிப் போ.

மேலாளர் அவனிடம் முன்பே பேசிவிட்டார் என்று
தாடையைப் பார்த்தாலே தெரிந்தது.
தொட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை.
"உன் நாய் குட்டி போட்டுவிட்டதா?"
"ஆறு," என்றான்.
கொதிநீர்ப் புட்டியைத் திறந்தான், மூடினான்.
"ஒன்று வேண்டுமா?"

அறிக்கையில் மூன்று எண்களையும்
உலை அணைந்த தேதியையும் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
அவர் சொன்ன இரண்டும் இல்லை.

கிடங்கில் இன்னும் நானூறு தொட்டிகள் இருக்கின்றன.
இன்றிரவு வானொலியைச்
சத்தமாக வைத்துக்கொள்ளப் போவதாக
ஜெனேசியு சொல்லிவிட்டுப் போனான்.