இல்லை என்பதற்குச் சாட்சி

பால் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தேன்.
"டீயா மேடம்?" என்றார் வாட்ச்மேன்.
சவ்வுக்கு, என்றேன்.
வெற்றிடத்தையெல்லாம் பால் அடைத்துக்கொண்டால்
ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது,
தேடிவந்த புரதத்தில்தான் ஒட்டும்.
தலையாட்டினார்,
குடிக்கிற பாலைப் படித்தவர்கள்
இப்படியும் வீணாக்குவார்கள் போல என்று.

மே மாதம். வெளியே வேலூர் வறுபடுகிறது.
உள்ளே மைனஸ் எண்பதில்
பன்னிரண்டு பேரின் கட்டிகள்,
ஒவ்வொன்றும் மிளகளவு.

இருட்டறையில் படம் எழுந்தது.
ஆறாவது லேனில் கறுப்புக் கோடு.
எட்டில், ஒன்பதில், மங்கலாகவாவது.
ஏழில் இல்லை.
செல்லிடம் "போதும், நிறுத்து" என்று
சொல்லவேண்டிய புரதம் அது.

"குமிழி மாட்டியிருக்கும், திரும்ப ஓட்டு"
என்றாள் தாஹிரா,
பேரணாம்பட்டு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்.
ஓட்டினேன். மறுபடியும் ஓட்டினேன்.
ஏழில் இல்லை.
அதே சவ்வில் ஆக்டின் மட்டும்
பன்னிரண்டிலும் ஒரே தடிமனில்.
ஆக்டினைப் பார்ப்பதே அதற்குத்தான்:
இல்லை என்று சொல்வதற்கும்
ஒரு சாட்சி வேண்டும்.

எங்கள் ஊரைப் பற்றிப் பழைய கிண்டல் உண்டு.
தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்.
சாமி திரும்பி வந்து எத்தனையோ வருஷம்.
கிண்டலுக்கு அந்தத் தகவல்
இன்னும் போய்ச் சேரவில்லை.
பாலாறும் மணலுக்கடியில் ஓடுகிறது என்பார்கள்
தோண்டிப் பார்த்தவர்கள்.

ஏழாம் எண்ணின் படிவத்தை எடுத்தேன்.
பெயர் எனக்குத் தரமாட்டார்கள்; தரவும் கூடாது.
பெண். ஐம்பத்திரண்டு. ராணிப்பேட்டைப் பக்கம்.
தொழில் என்ற கட்டம் காலி.

காலி என்றால்
வேலை இல்லையா, கேட்கவில்லையா?
ஷெட்டில் ஈரத்தோலை இழுத்துப் போட்டாளா,
ராத்திரியெல்லாம் பீடி சுற்றினாளா,
"சும்மாதான் இருக்கா" என்று
கூட வந்த ஆள் முந்திக்கொண்டாரா?
இந்தக் கட்டத்துக்கு ஆக்டின் எது?

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஏழு. புரதம் இல்லை. மூன்று முறை பார்த்தது.
படிவத்தின் ஓரத்தில், பென்சிலில்:
தெரியவில்லை.
திங்கட்கிழமை போன் போட்டுக் கேட்கச் சொல்லி
இன்பராஜின் மேஜையில் ஒரு சீட்டு.
அவளையே கேளுங்கள் என்று
அடிக்கோடு.

மிச்சப் பாலை சிங்கில் ஊற்றினேன்,
வாட்ச்மேன் அந்தப் பக்கம்
திரும்பியிருந்த நேரமாகப் பார்த்து.