எட்டாம் அறை, திங்கட்கிழமை

இந்த ஊர் அருங்காட்சியகங்களுக்கெல்லாம்
திங்கட்கிழமை விடுமுறை.
காவல் நாற்காலிக்காரி எனக்கும் அன்றுதான்.
ஆகவே பன்னிரண்டு வருடமாய்
எட்டாம் அறையைத் தவிர
திபிலீசியில் ஒரு படமும் பார்த்தவளில்லை நான்.

பதினோரு ஓவியங்கள், ஒரு தீயணைப்பு உருளை,
ஈரப்பதம் காட்டும் கடிகாரம் போலொன்று.
கையுறைப் பெண்ணின் எதிரே
வருகிறவர்கள் நான்கு நொடி நிற்பார்கள்.
பிறகு என் பக்கம் திரும்புவார்கள்.
கேட்கப் போகிறார்கள் என்று முதுகு நிமிர்வேன்:
ஒரு கையில் மட்டும் ஏன் உறை?
மற்றது எங்கே?

கழிப்பறை எங்கே என்பார்கள்.

'தொடாதீர்கள்' எனக்கு ஆறு மொழியில் வரும்.
'நேரே போய் இடப்பக்கம்' ஒன்பதில்.

திங்களன்று சொலொலாக்கி மேட்டுத் தெருக்களில் நடக்கிறேன்.
சீட்டு வேண்டாம்.
இரும்பு முட்டுக்கொடுத்த மர பால்கனிகள்
பாதி உலர்ந்த போர்வைகளோடு தெருவுக்குச் சாய்ந்திருக்கின்றன.
ஒரு வாசல் சிங்கத்தின் வாய்வழியாக
யாரோ இணைய வயரை உள்ளே இழுத்திருக்கிறார்கள்.
சிங்கம் ஒத்துழைத்திருக்கிறது.

இந்த வாரம், கதவைக் கம்பியால் கட்டியிருந்த வீடு.
அவிழ்த்தேன்.
(எங்கள் மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்.)
தரைச் சில்லுகளில் 'வருக' என்று லத்தீனில்;
வருக என்றதை மிதித்துத்தான் வரவேண்டும்.
பூனை மூத்திரம், வெங்காயம், நனைந்த சுண்ணாம்பு.
சுவரில் எழுதிய மயிலின் தோகைமேல்
ஏழு மின்சார மீட்டர்களை அறைந்திருந்தார்கள்.
அவையும் கண்கள்போலச் சுழன்றுகொண்டு.

குப்பை வாளியோடு இறங்கி வந்தவர்
நான் அண்ணாந்திருப்பதைக் கண்டு நின்றார்.
"மறுபடி ஒழுகுதா?"
இல்லை, பார்க்கிறேன் என்றேன்.
என்ன பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார்.
ஜும்பெர். அறுபத்து மூன்று வருடக் குடியிருப்பு.
மயில் கழுத்தில் அந்தக் கீறல்?
"அண்ணன் கல்யாணப் பியானோ.
ஏற்றிவிட்டோம். இறக்கத்தான் முடியவில்லை."

கேள்விமேல் கேள்வி கேட்டேன்.
கடைசிக் கேள்வியைக் காலையில் குடித்த தேநீர் கேட்டது:
கழிப்பறை எங்கே?

மாடியில், யாரோ ஒரு வணிகர் ஆடக் கட்டிய கூடத்தை
ஒட்டுப்பலகை வைத்து
ஐந்து குடும்பத்துக்குக் கூறுபோட்டிருந்தார்கள்.
கூரையில் எழுதிய பெண்ணிடம் எவரும் கேட்கவில்லை.
அவள் யாழ், ஜும்பெரின் படுக்கைக்கு மேல்.
பாவாடை நடைவழியில்.
பாதங்கள், இளஞ்சிவப்பாய், நீராவிப் பளபளப்போடு
குளியலறையில்.
பீங்கான்மேல் உட்கார்ந்து அண்ணாந்து
என் ஆயுளிலேயே மிக நீண்ட நேரம்
ஓர் ஓவியத்தைப் பார்த்தேன்.

முகம்?
"சுவருக்கு அந்தப்பக்கம். ஷுஷானா சமையலறை.
தொண்ணூற்றேழிலிருந்து எங்களுக்குப் பேச்சில்லை.
நீங்கள் வேண்டுமானால் போங்கள்."
வாளியை இடக்கைக்கு மாற்றினார்.
"போனால், வந்து சொல்லுங்கள்."

ஷுஷானா அக்ரூட் இடித்துக்கொண்டிருந்தார்.
யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.
கையிலிருந்த குழவியால் மேலே காட்டினார்.
எண்ணெய்ப் புகையில் நெற்றிவரை கறுப்பு.
ஒரு கன்னம் மட்டும், கைக்குட்டை அளவு,
துடைத்துத் துடைத்துத் துலங்கியிருந்தது.
"ஈஸ்டருக்கு ஒருமுறை ஏறுவேன்,
முழங்கால் இருக்கும்வரை."

ஜும்பெரிடம் கன்னத்தை மட்டும் சொன்னேன்.

செவ்வாய். எட்டாம் அறை.
முதுகுப்பையோடு ஒரு பையன்
கையுறைப் பெண்ணிடம் நான்கு நொடி,
பிறகு என்னிடம்.
நேரே போய் இடப்பக்கம் என்றேன்.
உட்கார்ந்ததும் மேலே பார்.

அங்கே ஒரு ட்யூப்லைட்டும் அதன் பூச்சிகளும்தான்.
இருந்தாலும் சொன்னேன்.