எடைமேடைக் கிராணியின் கணக்கு

லாரி ஏறினால் எண் வரும், எழுதுவேன்.
ஆலை வாசலில் இருபது வருஷமாய் அதுதான் வேலை.
ஒரு செம்பனைக் குலை இருபத்திரண்டு கிலோ.
கண்ணால் பார்த்தே சொல்லுவேன்.

டிசம்பரில் ஆறு ஊருக்குள் வந்தது.
ஏழாம் கட்டைப் பாலம் போனது.
போலீஸ் பாலாயின் கொடிக்கம்பம் மட்டும் தண்ணீருக்கு மேல்.
கடைசிப் படகில் குடும்பத்தோடு ஏறிய சார்ஜன்
நாளைக்கே வருவதாக மலாயில் கத்தினார்.
கையசைத்தோம்.

மேட்டிலிருந்த தமிழ்ப்பள்ளியில் நூற்று நாற்பது பேர்.
முதல் ராத்திரி கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது.
யார் பிள்ளையென்று கேட்காமல் மைலோ கலக்கிக் கொடுத்தோம்.
கோவில் செயலாளர் வேங்கடபதி
நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினார்.

இரண்டாம் ராத்திரி
குலை வெட்டும் அரிவாளை நீளக் கழியிலிருந்து கழற்றினோம்.
பாம்புக்கு, என்றோம்.

மூன்றாம் நாள் ஆ சூன் கடையின் இரும்புக் கதவை நெம்பினோம்.
பிள்ளைகளுக்குப் பால்மாவு வேண்டும், அது உண்மைதான்.
பால்மாவு எடுத்த பிறகும் யாரும் வெளியே வரவில்லை.
இடுப்பளவுத் தண்ணீரில்
இஸ்திரிப் பெட்டியைத் தலையில் வைத்துப் போனாள்
சாரதாம்பாள் டீச்சர்.
நான் சோறாக்கும் மின்சாரப் பானை எடுத்தேன்,
கரண்டே இல்லாத ஊரில்.
ஆ சூன் மாடி ஜன்னலிலிருந்து
எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
திட்டவில்லை. பெயர் மட்டும்.
முப்பது வருஷம் கடன் கொடுத்தவருக்கு
எல்லார் பெயரும் தெரியும்.

அன்றிரவு வேங்கடபதியின் நோட்டு அடுப்புக்குப் போனது.

நான்காம் ராத்திரி ஒரு மூட்டை அரிசி குறைந்தது.
"அந்த பங்ளாக்காரன்" என்றது ஒரு குரல்.
மொக்லேஸ், ஆலையில்
என் எடைமேடையைக் கழுவி விடுகிறவன்.
மூட்டை அவனிடம் இல்லை.
அதனாலேயே இன்னும் ஓங்கி அடித்தார்கள்.

அடித்தார்கள் என்றா எழுதினேன்?
இடது காலைப் பிடித்திருந்தது நான்.
ஐம்பத்து நாலு கிலோ. கை சொன்னது, பழக்கதோஷம்.
துள்ளத் துள்ளக் கூடும், குறையும்,
சீட்டில் எழுத முடியாத எண்.
வேங்கடபதி ஓரமாய் நின்று
"மூஞ்சில வேணாம்பா" என்றார்.
ஊர்க் கட்டுப்பாட்டில் மிச்சம் அவ்வளவுதான்.
இதையும் சொல்லிவிடுகிறேன்:
நாலு நாளில் முதல் தடவையாக
எனக்கு அப்போது பசிக்கவில்லை, குளிரவில்லை.

அரிவாள் மேலே போன நேரம்
கரண்டு வந்தது.
குழல்விளக்கு இரண்டு முறை இமைத்து நின்றது.
பெரிய வாத்தியார் அறையில் தொலைக்காட்சி
சவர்க்காரத் தூள் விளம்பரத்தைப்
பாதியிலிருந்து பாடத் தொடங்கியது.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அரிவாளைச் சாக்கில் சுற்றினார்கள்.
"தண்ணி குடு அவனுக்கு" என்றது யாரோ,
நானாகவும் இருக்கலாம்.

அரிசி மூட்டை கிடைக்கவே இல்லை.

இப்போது பாலம் புதிது. சார்ஜனுக்குப் பதவி உயர்வு.
ஆ சூன் கடையில் கடன் கிடையாது, ரொக்கம் மட்டும்.
அந்தப் பானையில்
சோறு குழையாமல் வேகிறது.

விடியலில், இடது காலை இழுத்துக்கொண்டு
மேடை கழுவ வருகிறான் மொக்லேஸ்.
எங்களிடம் கற்ற தமிழில் கேட்கிறான்:
"பசியாறியாச்சா, கிராணி?"

ஆச்சு என்கிறேன்.
அவன் மேடையை விட்டு இறங்கும்வரை
திரைப் பக்கம் நிமிர்வதில்லை.