கழுதை தேய்த்த எழுத்து

துருக்கியின் தென்மேற்கு மலையில்
நாள்கூலிக்கு ஏணி பிடிப்பவன் நான்.
பெயர் ரிஃப்கி.
ஏணி வேண்டாத நாட்களில் தண்ணீர் சுமப்பேன்,
ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி
தூரிகையால் தட்டுவேன்.
காய்ந்ததும் உரித்தால்
எழுத்தெல்லாம் காகிதத்தின் முதுகில் புடைத்து நிற்கும்.

முன்னொரு காலத்தில் இங்கே
மூட்டு வீங்கிய பணக்காரன் ஒருவன் இருந்தானாம்.
இன்பம் என்றால் என்னவென்று
சந்தைக்கு வருகிறவர்கள் காசில்லாமல் படிக்கட்டும் என்று
நீளச் சுவர் ஒன்றில் வெட்டிவைத்தானாம்.
பிறகு நிலம் ஆடியது.
சுவர் ஊருக்குப் பங்காயிற்று:
ஒரு கல்லின்மேல் துணி துவைக்கிறார்கள்,
ஒரு கல் யாருடைய சமாதியிலோ தலைகீழாக,
ஒரு கல் நெபாஹத்தின் தொழுவத்தில் நிலைக்கால்.

அந்த மூன்றாவது கல்லுக்காகத்தான்
ஜெர்மனியிலிருந்து வீப்கே வந்திருக்கிறாள்.
எனக்காக மொழிபெயர்த்துச் சொன்னாள்:
'இன்பம் என்பது
வலி விலகுவது மட்டு...'
அதோடு சரி.
அதற்கப்பால் கல் வழவழவென்று
சோப்புக்கட்டி போல் இருக்கிறது.

மட்டுமே என்கிறாள் வீப்கே.
மட்டுமல்ல என்கிறார் லியோன் நகரத்துப் பேராசிரியர்.
பதினோரு வருடச் சண்டை.
ஒரே மாநாட்டில், ஒரே காப்பி இயந்திரத்தின் முன்
முகம் பார்க்காமல் நிற்பார்களாம்.
இன்பத்தைப் பற்றிய சண்டை என்று
யாராவது சொன்னால்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மாலை
விறகு இறக்கிய கழுதை
நேராக நிலைக்காலுக்கு வந்தது.
இடது விலாவைக் கல்லில் வைத்து
மேலும் கீழும்,
மேலும் கீழும்.
கீழுதடு தொங்கியது.
காதுகள் இரண்டும் பக்கவாட்டில் சரிந்தன.
கண் பாதி மூடியது.

"தினமும் இப்படித்தான்" என்றாள் நெபாஹத்.
"இதற்கு முந்தினதும் இப்படித்தான்.
அதற்கு முந்தினது கொஞ்சம் உயரம்,
அது மேல்வரியைத் தேய்த்தது."

வீப்கே கையிலிருந்த அளவுநாடா
தானாகச் சுருண்டு உள்ளே போனது.

அரிப்பு போனால் சுகம், அவ்வளவுதான்,
என் கட்சி ஜெயித்தது என்று
அவள் சிரிப்பாள் என எதிர்பார்த்தேன்.
சிரிக்கவில்லை. ஏனென்றால்
தேய்ப்பது நின்ற பிறகும்
கழுதை அங்கேயே நின்றது.
அரிப்பு எப்போதோ முடிந்திருக்கும்.
கொள்ளுத் தொட்டி நான்கடி தூரத்தில்.
போகவில்லை.
பகலெல்லாம் வெயில் குடித்த கல்லில்
சும்மா சாய்ந்துகொண்டு,
ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம்
(எரிந்தது என்னுடையது)
ஒன்றையும் விரட்டாமல்,
ஒன்றையும் வேண்டாமல்.

கழுதைக்கு என்ன தெரியும் என்பீர்கள்.
எனக்கும் தெரியாது.
வலி இல்லாத நாட்கள் எனக்கும் வந்திருக்கின்றன;
அவற்றில் சாய்ந்து நிற்கத் தெரிந்ததில்லை.
பல்வலி போன அன்றே
பக்கத்து வீட்டான் டிராக்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

இரவு விளக்கடியில்
அருங்காட்சியகத்தின் படிவத்தை நிரப்பினாள்.
கல்லின் நீளம், அகலம், எழுத்தின் உயரம்.
'சேதத்தின் காரணம்' என்ற கட்டத்தில்
முதலில் மழை என்று எழுதினாள்.
அடித்தாள்.
பேனாவின் பின்புறத்தைக் கடித்தாள்.
பிறகு ஒரே ஒரு சொல்.
படிக்க எனக்கு ஜெர்மன் தெரியாது.
ஆனால் அந்தச் சொல்லின் மேல்
விரலை வைத்தபடியே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கல்லை எடுத்துப் போக
வியாழக்கிழமை லாரி வரும்.
நெபாஹத் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:
"பதிலுக்கு வைக்கும் கல்
சொரசொரப்பாக இருக்குமா?"

எனக்குக் கூலி எண்ணிக் கொடுத்தாள் வீப்கே.
இருநூறு லிரா அதிகம் இருந்தது.
தவறுதலாகவா, மனமறிந்தா என்று
மலை இறங்கும் வழியெல்லாம் யோசித்தேன்.
திருப்பிக் கொடுக்கலாம் என்று
ஒருமுறை நின்றேன்கூட.