சங்கீதம் பாடப்பட்டது

விசுவாசம் எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.
எண்ணிக்கை கேளுங்கள், சொல்கிறேன்.
லூயிஸ் தீவின் மேற்குக் கரையில்
முந்நூறு பேர் உட்காரக் கட்டிய கோயிலில்
போன ஞாயிறு இருபத்திரண்டு பேர்.
காணிக்கை நூற்று நாற்பத்தொரு பவுண்டு,
ஒரு கோட்டுப் பொத்தான்.

பதினேழு வருடமாக மூப்பர் கூட்டத்துக்கு நான்தான் எழுத்தர்.
வார நாட்களில் கால்நடை மருந்து விற்கிறேன்.
காற்றைப் பற்றி எழுதக் கூடாது,
கண்ணீரைப் பற்றி எழுதக் கூடாது,
தீர்மானத்தை மட்டும் எழுத வேண்டும்.

சனிக்கிழமை இருட்டுமுன்
கொடித் துணியெல்லாம் உள்ளே போய்விடும்.
உருளைக்கிழங்கு தோலுரிந்து தண்ணீரில் கிடக்கும்.
ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு
பெஞ்சடி ஹீட்டர் எங்கள் கெண்டைக்கால்களை மட்டும் இரட்சிக்கும்.
ஆர்கன் கிடையாது.
ஜெபத்துக்கு நிற்போம், பாட்டுக்கு உட்காருவோம்;
வெளியூர்க்காரர்கள் இரண்டிலும் தவறிவிடுவார்கள்.
பிரசங்கத்துக்கு முன் டோலினாவின் கைப்பையிலிருந்து
புதினா மிட்டாய் வரிசை முழுக்கப் பயணம் போகும்.
கடிப்பது மரியாதையல்ல.
கரையவிட்டால் இரண்டாம் தலைப்பு வரை தாங்கும்.

சங்கீதத்துக்கு டோர்மட்.
பிரசங்க மேடைக்குக் கீழே அவருக்குத் தனி இருக்கை.
கேலிக்கில் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார்;
நாங்கள் அதை வாங்கி
ஆளுக்கொரு வளைவில், ஆளுக்கொரு தாமதத்தில்
இழுத்துக்கொண்டு போவோம்,
ஒரே மந்தைதான், ஒவ்வொரு ஆடும்
தனக்குப் பிடித்த இடத்தில் வேலி தாண்டுவதுபோல.
கடைசி ஆடும் வந்து சேர்ந்தபின் அடுத்த அடி.

போன ஞாயிறு
இரண்டாம் அடியைக் கொடுத்தார். பாடினோம்.
மறுபடி இரண்டாம் அடியைக் கொடுத்தார்.
பாடினோம்.
இருமுறை பாடத் தகுந்த அடிதான் அது.
மூன்றாம் முறையும் அதுவே வந்தபோது
போதகர் யூயன் தன் காகிதங்களைப் பார்த்தார்,
ரோடெரிக் ஜன்னலைப் பார்த்தார்,
நான் தலைகளை எண்ணத் தொடங்கினேன்.
அதையும் பாடினோம், ஒரு சுரம் குறைக்காமல்.
வேறென்ன செய்ய?
கொடுத்ததை வாங்க மட்டுமே எங்களுக்குத் தெரியும்.
அப்பா கொடுத்த கடவுளையும்
நான் அப்படித்தான் வாங்கினேன்,
சரியான அடியா என்று பார்க்காமல்.

அப்போது பின்னாலிருந்து
மூன்றாம் அடி வந்தது.
கெனினா. சால்மன் பண்ணையில் வலை கழுவுகிறவள்.
இந்தக் கோயிலில் ஒரு பெண் அடியெடுத்துக் கொடுத்ததில்லை.
தடை உண்டா என்று பிறகு பழைய ஏடுகளைப் புரட்டினேன்;
தடையும் இல்லை, யாரும் கேட்டதாகவும் இல்லை.
உரக்கப் பாடவில்லை அவள்.
தூங்கிவிட்டவர் கையிலிருந்து
சிந்தாமல் கோப்பையை எடுப்பதுபோல
எடுத்தாள்.

டோர்மட் தலை திருப்பவில்லை.
எங்களில் ஒருவராக அந்த அடியை வாங்கினார்.
நாற்பது வருடத்தில் முதல் முறையாக
அவர் பின்தொடர்ந்து பாடக் கேட்டேன்.
என்ன வளைவுகள்!
எங்களைக் கட்டி இழுத்த காலத்தில்
அவற்றை எங்கே வைத்திருந்தாரோ.

செவ்வாய்க்கிழமை மூப்பர் கூட்டம். நால்வர், தேநீர்.
வடக்குக் கூரையின் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது.
வேறு விஷயம் உண்டா என்றார் போதகர்.
ஒரு கரண்டி கோப்பைக்குள்
கொஞ்சம் அதிக நேரம் சுற்றியது.
இல்லை என்றோம்.
எழுதினேன்: சங்கீதம் பாடப்பட்டது.

இந்த ஞாயிறு டோர்மட் அதே இருக்கையில்.
கெனினா இரண்டு பெஞ்சு முன்னால் வந்துவிட்டாள்,
ஹீட்டர் அங்கேதான் ஒழுங்காக எரிகிறதாம்.
பொத்தான் யாருடையது என்று டோலினாவுக்குத் தெரிந்திருந்தது;
வாசலிலேயே டோர்மட்டை நிறுத்தி
கோட்டைக் கழற்றாமல் தைத்துவிட்டாள்.

வருகை இருபத்திரண்டு என்று எழுதி மூடினேன்.
வீட்டுக்கு நடக்கும்போது, எதிர்க்காற்றில்,
முகம் முகமாக மறுபடி எண்ணினேன்.
இருபத்திரண்டும் கிடைத்தன.
அவற்றில் என் முகம் இல்லை.

ஏட்டை இன்னும் திருத்தவில்லை.