சேற்றுப் பருவம்

வெர்மான்ட்டில் ஏப்ரலுக்கு
சேற்றுப் பருவம் என்று பெயர்.
பனி போயாயிற்று, கோடை வந்தபாடில்லை.
நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து
வாரம் இருமுறை மண்சாலையில் புதையும்.
பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

இன்னும் அறுபத்தேழு நாள்.

புதன்கிழமைகளில் ஆர்வில் வீட்டு ஷெட்டில் கூடுகிறோம்.
வேன் ஒரு பக்கம் நிற்கிறது,
அதன் என்ஜின் இன்னொரு பக்கம்
பழைய போர்வையில் படுத்திருக்கிறது.
"ஜூனுக்குள் சேர்த்துவிடுவேன்" என்கிறான்
போன ஜூனிலும் அதையே சொன்னவன்.

டெல்ஃபீன் பழைய குளியல் தொட்டியில்
சட்டைகளை முடிச்சுப் போட்டு முக்குகிறாள்.
முழங்கை வரை பச்சை.
பகலில் அவள் பல் மருத்துவரின் உதவியாள்;
கையுறை இருப்பதால் வேலை தப்பிக்கிறது.

டிக்கெட்டுக்குத் தபாலில்தான் எழுத வேண்டும்,
பட்டர்நட் ஃபெர்ரியின் வழக்கம் அப்படி.
உறையின் மேல் நல்ல படம் வரைந்தால்
நல்ல இடம் கிடைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை.
யாரும் நிரூபித்ததில்லை,
யாரும் வெறும் உறை அனுப்பிப் பார்த்ததுமில்லை.
நான் ஒரு நாரை வரைந்தேன்.
"கெட்டில் நன்றாக வந்திருக்கிறது" என்றாள் டெல்ஃபீன்.

ரூபனிடம் நோட்டுகள் இருக்கின்றன.
ஆயிரத்து நூற்று நாற்பது இரவுகள்,
எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம்,
எதற்குள் புகுந்து எதன் வழியே வெளியே வந்தது.
ஒருமுறை ஒரே பாட்டு முப்பத்தெட்டு நிமிடம் போனது.
மெட்டு காணாமல் போய்
டிரம்ஸ் மட்டும் அதைத் தேடிக்கொண்டிருக்க,
எங்கள் பக்கத்தில் ஒருவர் சாண்ட்விச் தின்று முடித்து
தூங்கி எழுந்தார்.
எழுந்தபோது மெட்டு வீடு திரும்பியிருந்தது,
எங்கும் போகாதது போல.

முதல் இரவு, முதல் பாட்டு எது?
பந்தயம் சீஸ் சாண்ட்விச்.
வாகன நிறுத்தத்தில் சுட்டு விற்போம்,
தோற்றவர் விற்காமல் தர வேண்டும்.
எல்லோரும் ரூபனின் நோட்டைப் பார்த்துக் கட்டுகிறார்கள்.
"ஐஸ்ஹவுஸ் ரோடு" மேல் யாரும் கட்டுவதில்லை.
அறுநூற்றுப் பதினொரு இரவுகளாக
அவர்கள் அதைத் தொடவில்லை.

நேற்று ஆர்வில்
ஸ்பார்க் பிளக் டப்பாவில் ஒரு கேசட் கண்டெடுத்தான்.
மெய்ன், கண்காட்சித் திடல், 2003 ஜூலை.
நடுவில் கொஞ்சம் பூஞ்சை, ஆனாலும் ஓடியது.
இரண்டு பாட்டுக்கு இடையில்
தார்ப்பாய் மேல் மழை,
யாரோ இருமுகிறார்கள்,
பிறகு ஒரு பெண், தொண்டை கட்டிய குரலில்:
"ஐஸ்ஹவுஸ்!"
மேடையில் சிரிப்பு.
"அடுத்த கோடை, கண்ணு."
பிறகு வேறு பாட்டு.

"யார் இந்தக் காக்கை?" என்றான் ரூபன்.
மறுபடி ஓடவிட்டார்கள்.
மறுபடி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கடும் ஜலதோஷம்.
மழைக்குக் குப்பைப் பையில் மூன்று ஓட்டை போட்டு
மாட்டியிருந்தேன்.
கூட வந்தவன் பெயர் ஞாபகமில்லை.
அந்த "கண்ணு" மட்டும்
எனக்கே எனக்கென்று சொன்னதாக
வீடு வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் முறை அந்த இடம் வந்தபோது
டெல்ஃபீன் கேசட்டைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
பச்சைக் கையால் நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

நான் ரூபனிடம் நோட்டை வாங்கி
என் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்தேன்.
ஐஸ்ஹவுஸ் ரோடு, பன்னிரண்டு சாண்ட்விச்.

"உனக்குக் கணக்கு வராது" என்றான்.
வராதுதான்.
ஆர்வில் என்ஜினுக்கு அடியில் தவழ்ந்துபோய்
அரை இஞ்சு ஸ்பானர் கேட்டான்,
எடுத்துக் கொடுத்தேன்.