சல்லடை மேடு

ஃபோர்ட் கேனிங், மூன்றாம் குழி.
மேலே சோடா டின்னின் வளையம்,
அதன்கீழ் ஒரு பட்டாளத்துப் பொத்தான்,
இன்னும் ஒரு முழம் இறங்கினால்
பச்சைப் பீங்கான், நகத்தளவு.
எலும்பு கிடைக்குமா என்றேன்.
ஹிதாயா கரண்டியை நிறுத்தவில்லை:
"புளிப்பு மண் இது.
ஆளைத் தின்றுவிடும்,
தட்டை மிச்சம் வைக்கும்."

நாலரைக்கு மழை.
தார்ப்பாயை இழுத்து மூடினோம்.
சலித்துக் கொட்டிய மண்
வேலிக்கு வெளியே
இடுப்புயரம் நின்றது,
யாரையும் புதைக்காத மேடு.

மறுநாள் அதன்மேல் மைனா.
மறுவாரம் புல்.
ஒரு வெள்ளிக்கிழமை காலையில்
அடிவாரத்தில் மஞ்சள் துணி,
ஒரு கோப்பைத் தண்ணீர்,
மூன்று செவ்வந்தி.
யாரென்று தெரியவில்லை.

ஹிதாயா குறிப்பேட்டைத் திறந்தாள்,
எதுவும் எழுதாமல் மூடினாள்.
அன்றிலிருந்து மண்ணை
அந்தப் பக்கம் கொட்டுவதில்லை.